முழங்கால் என்று ஒரு பொய்

அத்தியாயம் பதினொன்று

நீலோ வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிவிட்டது. நான்கு நாளும் அவன் தட்டில் வைத்ததைக் கிளறிவிட்டு எழுந்து போனான் என்பது வரை சென்ற வாரம் பார்த்தோம். காரணம் என்னவென்று வியாழக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு அவன் அக்கா கைசாவுக்குத் தெரிந்தது. அதுவும் தம்பி வாயால் அல்ல, ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்து விழுந்த ஒரு மின்னஞ்சலால்.

கைசா கான்கஸுக்கு முப்பத்திரண்டு வயது. அமெரிக்காவில் டாமராக் என்ற சுரங்க ஊரின் வைட் பிர்ச் கல்லூரியில், ஐஸ் ஹாக்கி அணியின் செய்திகளை ஆறு வருடமாக அவள்தான் எழுதுகிறாள். யார் ஜெயித்தார்கள், யாருக்குத் தையல் போட்டார்கள், எந்த கோல்கீப்பர் எத்தனை தடுத்தான் எல்லாம் அவள் விரலிலிருந்துதான் ஊருக்குப் போகும். ஏப்ரல் பிறந்தால் புதிதாகச் சேரப்போகும் பையன்களின் பட்டியல். அந்த ஒரு நாளுக்காக ஊரே காத்திருக்கும். முடிவெட்டுகிறவர் அதை அச்சடித்துக் கண்ணாடியில் ஒட்டிவைப்பார்.

இந்த வருடப் பட்டியலில் நீலோவின் பெயர் வரவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் பழைய கோச் பட் ஹெகன் அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து, அம்மா சுட்ட, இறைச்சி அடைத்த பாஸ்டியில் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, "இவன் என் பையன்" என்று கை கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கையை நம்பி நீலோ வேறு இரண்டு கல்லூரிகளை வேண்டாமென்றான். நெப்ராஸ்காவில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் கீழ்த்தள அறையில் தங்கி கல்லூரிக்கு முந்தைய ஜூனியர் லீக்கில் இரண்டு சீசன் ஆடினான். போன அக்டோபரில் பட் ஹெகனுக்கு நெஞ்சுவலி வந்து அவர் ஒதுங்கிக்கொள்ள, கிரெக் மாலோரி என்ற புதுக் கோச் வந்தார்.

மாலோரி அனுப்பிய பட்டியலில் ஒன்பது பெயர் இருந்தது. ஐந்து பேர் கனடா, இரண்டு பேர் ஸ்வீடன், இரண்டு பேர் மற்றக் கல்லூரிகளிலிருந்து மாறி வருகிறவர்கள். கான்கஸ் இல்லை.

இல்லை என்றும் சொல்ல முடியாது. கடைசியில் தனியாக ஒரு வரி இருந்தது.

"முன்னர் இணைய ஒப்புக்கொண்டிருந்த நீலோ கான்கஸ், முழங்கால் காயத்தின் காரணமாக விலகிக்கொள்கிறார். அவர் விரைவில் குணமடைய அணி வாழ்த்துகிறது."

அதற்குக் கீழே கைசாவுக்கு ஒரு குறிப்பு. மாலை ஐந்து மணிக்குள் வெளியிடவும்.

கைசா அதை மூன்று தரம் படித்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வண்டியை விட்டாள்.

சமையலறையில் அம்மா ரோண்டா மாவு வட்டங்களில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து ஓரத்தை மடித்து அழுத்திக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சர்ச் ஹாலில் நீலோவுக்காக நாற்பது பேருக்கு விருந்து.

"என்னடி இந்த நேரத்துல? கதவைச் சாத்து, ஈரக் காத்து வருது."

"நீலோ எங்கம்மா?"

"கராஜ்ல. நாலு நாளா ஸ்கேட்டைத் தீட்டிக்கிட்டே இருக்கான். இன்னும் கொஞ்சம் தீட்டினா வெறும் பூட்ஸ்தான் மிஞ்சும்."

கராஜில் நீலோ கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான். ஆறடி இரண்டங்குலம். அவ்வளவு பெரிய உடம்பை எப்படிச் சுருட்டி உட்கார்ந்தானோ, பார்க்க ஸ்கூல் பையன் மாதிரி இருந்தது.

"மாலோரி உனக்கு போன் பண்ணானாடா?"

அவன் நிமிரவில்லை. "லிஸ்ட் வந்துருச்சா?"

"வந்துருச்சு. ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்குள்ள நுழையறேன், அம்மா மாவு பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. யாரு யாரைக் கூப்பிட்டிருக்காங்கன்னு ஒவ்வொரு பேரா சொல்றாங்க. நான் எந்த இடத்துல நிறுத்தி இதைச் சொல்றது?"

"என்ன சொன்னான் அவன்?"

"அயோவால பெட்ரோல் பங்க்ல நின்னுக்கிட்டு இருந்தேன். ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. 'இன்னும் ஒரு வருஷம் ஜூனியர்ல ஆடு, அப்புறம் பாக்கலாம்'னான். எனக்கு ஜூனியர்ல வயசு முடிஞ்சுபோச்சுக்கா. இனிமே எவன் சேத்துப்பான்? அது அவனுக்கும் தெரியும். கடைசில 'ஆல் த பெஸ்ட், நீல்'னு வெச்சுட்டான். பேரைக்கூட முழுசா சொல்லல."

கைசா போனை எடுத்து அந்தக் கடைசி வரியைக் காட்டினாள். படித்தவன், நம்பினால் நம்புங்கள், குனிந்து தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எந்த முழங்கால்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"டிசம்பர்ல ரப்பர் வட்டு வந்து பட்டுச்சு. வீங்கிச்சு. ரெண்டு மேட்ச் உக்காந்தேன், அவ்வளவுதான். அறுபதுல ஐம்பத்தெட்டு ஆடியிருக்கேன்." சட்டென்று எழுந்தான். "அக்கா, இதைப் போட்டுட்டியா?"

"இல்ல. ஏன்?"

"மிச்சிகன்ல ஒரு காலேஜ், செவ்வாக்கிழமை அவங்க அசிஸ்டென்ட் கோச் கூப்பிட்டார். தற்காப்புல ஒரே ஒரு இடம் காலியாம். நாளைக்குக் காலைல பெரிய கோச்சோட பேசச் சொல்லியிருக்காங்க. இதைப் படிச்சா?"

அவன் முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஏப்ரல் மாதம் ஒவ்வொரு கோச்சும் காலையில் எழுந்ததும் முதலில் படிப்பது மற்றக் கல்லூரிகளின் பட்டியலைத்தான். ஆறு வருடமாக அதையே பிழைப்பாக வைத்திருப்பவளுக்கு இது தெரியாதா? முழங்கால் போன தற்காப்பு ஆட்டக்காரனுக்கு எவனும் இடம் தரமாட்டான். விசாரிக்கக்கூட மாட்டான். அடுத்த பெயருக்குப் போய்விடுவான்.

"யாரு காலு என்ன ஆச்சு?"

கராஜ் வாசலில் அம்மா நின்றாள். முழங்கை வரை மாவு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

கைசா சொன்னாள். எதையும் மறைக்காமல், கடைசி வரி வரை சொன்னாள். கேட்டு முடித்ததும் ரோண்டா கையில் ஒட்டியிருந்த மாவை உதிர்த்தாள்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும். ஆட்டம்னா அப்படித்தான், நான் ஒண்ணும் குழந்தை இல்ல. ஆனா நல்லா இருக்கிற என் புள்ளை காலை இவன் எதுக்கு எழுத்துல ஒடைக்கிறான்?"

"அம்மா..."

"நீ சும்மா இருடா. நாலு நாளா என்னை நாற்பது பேருக்கு மாவு பிசைய விட்டு வேடிக்கை பாத்திருக்க. உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்."

விடுவிடென்று உள்ளே போனவள், சமையலறை இழுப்பறையைக் கலைத்து ஒரு காகிதத்தோடு வந்தாள். ஜூனியர் அணியின் டாக்டர் சீசன் முடிவில் பரிசோதித்துக் கொடுத்தது. ஏப்ரல் இரண்டாம் தேதி போட்ட கையெழுத்து. இரு முழங்கால்களும் பூரண நலம், ஆடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

"இதைக் கொண்டுபோய் அவன் மூஞ்சிக்கு நேரா காட்டு. அப்பாவுக்கு மட்டும் இப்ப போன் பண்ணிடாதே. ஷிப்ட்ல இருக்கார். கேட்டா சுரங்க லாரியை அப்படியே காலேஜுக்குள்ள ஓட்டிக்கிட்டு வந்துருவார்."

அந்த லாரியின் ஒரு டயரே ஆள் உயரத்துக்கு இரு மடங்கு. அப்பா வெர்ன் கான்கஸ் அதைச் செய்யக்கூடியவர்தான்.

மாலோரியின் அறைச் சுவரில் பெரிய வெள்ளைப் பலகை. ஒவ்வொரு ஆட்டக்காரன் பெயரும் ஒரு காந்தப் பட்டையில் எழுதி, இடம்வாரியாக ஒட்டியிருந்தது. வேண்டாதவற்றைக் கழற்றி மேஜை ஓரத்தில் போட்டிருந்தார். மேலாகக் கிடந்ததில் கான்கஸ் என்று எழுதியிருந்தது. அதன் மேல் காபிக் கோப்பை வைத்த வளையம்.

"உக்காருங்க கைசா. உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்."

"லிஸ்டைப் பத்திப் பேச வரல, கோச். யாரை எடுக்கறதுங்கறது உங்க முடிவு. கடைசி வரியைப் பத்தி மட்டும் கேக்கணும்."

"அது உங்க தம்பி நல்லதுக்காகப் போட்டது."

"எப்படி?"

"கழட்டிவிட்ட பையன்னு பேர் வாங்கறதைவிட, அடிபட்ட பையன்னு பேர் வாங்கறது கௌரவம் இல்லையா? அடி ஆறிடும்."

"அடிபட்ட தற்காப்புக்காரனை ஏப்ரல் மாசத்துல எந்தக் காலேஜ் எடுக்கும்? நீங்க எடுப்பீங்களா?"

மாலோரி சிரித்தார். கைசா டாக்டர் காகிதத்தை மேஜையில் வைத்தாள். அவர் அதைத் தொடவே இல்லை. கண்ணால் ஒரு தரம் மேய்ந்ததோடு சரி.

"யாரு பரிசோதிச்சு முழங்கால்ல காயம்னு சொன்னாங்க, கோச்?"

"இங்க பாருங்க. நான் உங்களை நம்பி வெளிப்படையா சொல்றேன். ஒன்பது பேர்ல நம்ம மாநிலத்துக்காரன் ஒருத்தன்கூட இல்ல. கனடாவோட பெரிய ஜூனியர் லீக் பையன்களையும் எடுக்கலாம்னு விதி மாறினதும் எல்லாக் காலேஜும் அங்கதான் ஓடுது, நானும் ஓடறேன். ஆனா இந்த ஊர்க்காரங்களுக்கு அது புரியாது. உள்ளூர்ப் பையனையும் விட்டுட்டேன்னா அரங்கத்துல கத்துவாங்க. முழங்கால்னா யாரும் கத்த மாட்டாங்க. பாவம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

அப்படியானால் இதுதான் விஷயம். இந்த மனிதருடைய காதுக்கு இரைச்சல் வரக்கூடாது. அதற்காக ஒரு பையனின் கால் போகலாம். கைசாவுக்குக் காது மடல் சுட்டது.

"அக்டோபர்ல நீங்க பதவிக்கு வந்த அன்னிக்கு, 'பட் ஹெகன் குடுத்த வாக்கு என் வாக்கு'ன்னு சொன்னீங்க. நான்தான் எழுதினேன். நீங்க சொன்ன வார்த்தையை ஒண்ணுகூட மாத்தாம."

"அக்டோபர்ல யாரு யாரு கிடைப்பாங்கன்னு எனக்குத் தெரியாதே."

"அதுக்குப் பேரு வாக்கு இல்ல, கோச்."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "இன்னிக்கு ஒரு நாள் எழுதறவங்களா மட்டும் இருங்க. அக்காவா இருக்கிறதை வீட்டுல வெச்சுக்குங்க."

"அக்காவா வந்திருந்தா கத்தியிருப்பேன். எழுதறவளா வந்ததாலதான் காகிதத்தோட வந்திருக்கேன்."

"அஞ்சு மணி. உங்களால முடியலன்னா வேற ஆள் போடுவாங்க. ஜூன்ல உங்க காண்ட்ராக்டை வேற புதுப்பிக்கணும்னு நினைக்கிறேன்."

கைசா காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாகன நிறுத்தத்தில் பனி அழுக்குக் குவியலாக உருகி ஓடிக்கொண்டிருந்தது. காலணி நனைந்ததுகூடத் தெரியாமல் அதில் நடந்தாள்.

ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தாள். அந்த வரியை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். எடுத்தால் அரை மணியில் இன்னொருவரை விட்டுச் சேர்த்துவிடுவார்கள். முடியாது என்று எழுந்து போய்விடலாம். போனாலும் அந்த வரி வெளியே வரும். தன் கை சுத்தமாக இருக்கும், தம்பி கால் ஒடிந்திருக்கும். அந்தச் சுத்தம் யாருக்கு வேண்டும்?

நாலரைக்கு நீலோவைக் கூப்பிட்டாள்.

"நடந்ததை நடந்தபடி எழுதப்போறேன். உன் பேரைப் போட்டாகணும். உன்னை வேணாம்னு தள்ளிட்டாங்கன்னு ஊர் முழுக்கத் தெரியும். மிச்சிகன்காரங்களுக்கும் தெரியும். நீ வேணாம்னா எழுத மாட்டேன்."

அந்தப் பக்கம் ஸ்கேட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"உன் வேலை போயிடுமேக்கா."

"அதை நான் பாத்துக்கறேன். உன்னைப் பத்திக் கேக்கறேன்."

"ஐம்பத்தெட்டு மேட்ச்னு போடு" என்றான்.

கைசா எழுத உட்கார்ந்தாள். முதலில் அந்த ஒன்பது பையன்களையும் எழுதினாள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? எங்கேயோ ஒரு சமையலறையில் அவர்களுக்காகவும் யாரோ மாவு பிசைந்துகொண்டிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் வழக்கம்போல ஊர், உயரம், ஆடும் இடம், ஆட்டத்தில் எது பலம் என்று குறையில்லாமல் நாலு வரி. பிறகு கடைசிப் பத்தி.

"இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்த அணியில் சேர வாக்குக் கொடுத்து, வாக்கும் பெற்ற டாமராக்கின் நீலோ கான்கஸுக்கு, இடமில்லை என்று கடந்த ஞாயிறன்று தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. இந்தப் பருவத்தில் அவர் அறுபதில் ஐம்பத்தெட்டு ஆட்டங்கள் ஆடினார். ஏப்ரல் இரண்டாம் தேதியிட்ட மருத்துவ அறிக்கையின்படி அவர் பூரண நலத்துடன் இருக்கிறார். இதை எழுதியவர் அவருடைய அக்கா."

கீழே தன் முழுப் பெயரும் போன் எண்ணும். ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது வெளியிட்டாள்.

ஐந்தேகால் வரை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. முடிவெட்டுகிறவர் அச்சடித்து ஒட்டிவிட்டதாகப் படமெடுத்து அனுப்பினார். "எங்க வீட்டு சீசன் டிக்கெட் நாலும் ரத்து" என்று யாரோ எழுதினார். ஐந்து இருபத்து மூன்றுக்குப் பக்கம் மறைந்தது. ஐந்து இருபத்து நாலுக்கு அவள் கம்ப்யூட்டர் அவளையே உள்ளே விட மறுத்தது.

மாலோரி கூப்பிட்டார். குரலில் காலையில் இருந்த குழைவு இல்லை.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு ஆபீஸ் சாவியைக் கொண்டுவந்து குடுத்துடுங்க."

"கொண்டுவரேன்."

"உங்க தம்பிக்கு நல்லது பண்ணதா நினைக்கிறீங்களா? அவனை இனிமே எந்தக் கோச்சும் தொட மாட்டான். பிரச்சினை புடிச்ச குடும்பம்னு பேர் ஆயிடுச்சு."

"அது நாளைக்குத் தெரியும், கோச்" என்று வைத்துவிட்டாள். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வீடு போய்ச் சேரும்வரை எழுந்திருக்கவில்லை. ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால்?

வீட்டில் ரோண்டா விருந்துக்கென்று செய்திருந்த பாஸ்டிகளில் ஒரு தட்டைச் சூடாக்கி வைத்திருந்தாள்.

"விருந்து உண்டு. காலேஜுல சேந்தாத்தான் சோறு போடணும்னு சட்டமா? வீட்டுக்கு வந்ததுக்குப் போடறேன்."

நீலோ சாப்பிட்டான். நான்கு நாளில் முதல் தடவையாகத் தட்டைக் காலி செய்தான். அவன் இரண்டாவதுக்குக் கை நீட்டியபோது கைசாவின் போன் அடித்தது. கனடா எண். மறுபக்கம் ஒரு பெண் குரல், தயங்கித் தயங்கி.

"கைசா கான்கஸா? நான் மானிடோபாலேர்ந்து பேசறேன். என் பேரு ரூத் பென்னர். உங்க லிஸ்ட்ல ஏழாவதா இருக்கிறானே கேலப் பென்னர், அவன் என் சின்னப் பையன்."

கைசா முந்திக்கொண்டாள். "அம்மா, உங்க பையன் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. அவனைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை..."

"தெரியும். படிச்சேன், நல்லா எழுதியிருக்கீங்க. அதுக்குக் கூப்பிடல." அந்தக் குரல் தாழ்ந்தது. "எனக்குப் பெரிய பையன் ஒருத்தன் இருக்கான். மூணு வருஷத்துக்கு முன்னாடி, இந்த மாலோரி வேற காலேஜுல இருந்தப்ப, அவனையும் சேத்துக்கறேன்னு சொன்னார். அப்புறம் செய்தி வந்துச்சு. தோள்பட்டைல அடி, அதனால விலகறான்னு. எங்க பையனும் எங்ககிட்ட ஆமா அடிதான்னு சொன்னான். நாங்களும் நம்பினோம். அதோட ஆட்டத்தை விட்டுட்டான். இப்ப மர மில்லுல வேலை பாக்கறான்."

கைசா போனை மேஜையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்தாள்.

"இன்னிக்கு நீங்க எழுதினதைப் படிச்சுட்டு, என் முன்னாடி வந்து நின்னு அழுதான். அவன் தோளுக்கு ஒண்ணுமே ஆகலியாம், ஒரு நாள்கூட. வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்ல வெக்கப்பட்டு, அவங்க எழுதின பொய்யையே எங்ககிட்டயும் சொல்லியிருக்கான்."

நீலோ தலை குனிந்தான். ரோண்டா அவன் தோளில் கை வைத்தாள்.

"தோள்ல அடின்னு அப்ப அவங்க அனுப்பின கடிதம் எங்கிட்ட இருக்கு. இதே மாலோரியோட கையெழுத்து. அதை உங்களுக்கு அனுப்பலாம்." ரூத் பென்னர் நிறுத்தினாள். பின்னால் எங்கோ ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "ஆனா அனுப்பினா என் சின்னவன் இடம் போயிடும். அவனுக்குப் பத்தொன்பது வயசு. பக்கம் மறையறதுக்குள்ள படமெடுத்து வெச்ச உங்க லிஸ்ட்ல அவன் பேரை ஹால்ல உக்காந்து திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டு இருக்கான். நீங்களும் ஒரு குடும்பத்துக்காரங்கதானே. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

கைசா அம்மாவைப் பார்த்தாள். அம்மா நீலோவைப் பார்த்தாள். வாசலில் அப்பாவின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. போனில் அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள்.

(தொடரும்)